மருந்துக்கடை யார் பெயரில் என்று மட்டும் கேட்டால் போதாது

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

மருந்துக்கடையை மருந்தாளுநர்தான் சொந்தமாக வைத்திருக்க வேண்டும், பெரிய கம்பெனிகளின் செயின் கடைகளை உள்ளே விடவே கூடாது என்று உங்கள் வாசகர் பகுதியில் நடக்கும் சண்டையை இங்கே தென்னாப்பிரிக்காவின் டர்பனில் இருந்து போனில் படித்துக்கொண்டு வருகிறேன். ஒருவர் "செயின் கடை வந்தால் தெருமுனைக் கடைக்காரர் தலையில் துண்டுதான்" என்கிறார், இன்னொருவர் "இருபது சதவீதம் தள்ளுபடி கிடைக்கிறது, எனக்கு வேறென்ன வேண்டும்" என்கிறார். இரண்டு பேர் பேச்சிலும் நியாயம் இருக்கிறது, ஆனால் இரண்டு பேருமே கடையின் பெயர்ப் பலகையை மட்டும் பார்த்துப் பேசுகிறார்கள். நீங்கள் திறக்கலாமா மூடலாமா என்று வாதாடுகிற இந்தக் கதவைத் தென்னாப்பிரிக்கா 2003லேயே திறந்துவிட்டது. பிறகு என்ன நடந்தது என்று கொஞ்சம் விவரமாகவே எழுதுகிறேன், நீளமாகிவிட்டால் வெட்டிக்கொள்ளுங்கள்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். "இருக்கிற சட்டத்தைக் காப்பாற்றுங்கள்" என்று ஒரு வாசகர் எழுதியிருந்தார். எந்தச் சட்டம்? மருந்தாளுநர் மட்டுமே முதலாளியாக இருக்கலாம் என்று இந்தியாவில் விதி கிடையாது. 1940ஆம் ஆண்டு மருந்துகள், அழகுசாதனப் பொருட்கள் சட்டப்படி இடம் சரியாக இருந்து, பதிவு பெற்ற மருந்தாளுநர் ஒருவர் மேற்பார்வைக்கு இருந்தால் யார் வேண்டுமானாலும் உரிமம் வாங்கலாம். அந்த மருந்தாளுநர் நிஜமாகவே கடையில் நிற்கிறாரா, இல்லை அவருடைய சர்டிபிகேட் மட்டும் சுவரில் தொங்கிக்கொண்டு மாதா மாதம் வாடகை வாங்குகிறதா என்பது அம்பாசமுத்திரத்தில் வளர்ந்த எனக்கும் தெரியும், உங்களுக்கும் தெரியும். ஆகவே தமிழ்நாட்டில் நடப்பது பழைய கோட்டையைக் காப்பாற்றும் சண்டை இல்லை, கோட்டையே அங்கே கட்டப்படவில்லை.

இங்கே அப்படி ஒரு கோட்டை இருந்தது. 1974ஆம் ஆண்டின் பார்மசி சட்டப்படி மருந்தாளுநர் அல்லாதவர் பார்மசிக்கு முதலாளியாக முடியாது. கிளிக்ஸ் என்ற பெயரை நீங்கள் கேள்விப்பட்டிருக்க மாட்டீர்கள், இங்கே அது இல்லாத மால் அபூர்வம். 1968ல் கேப் டவுனில் தொடங்கியபோதே மருந்தும் விற்கும் கடையாகத்தான் அதைத் திட்டமிட்டார்கள், சட்டம் குறுக்கே நின்றதால் ஷாம்பூ, சோப்பு, அழகுசாதனம் என்று விற்றுக்கொண்டு பல காலம் காத்திருந்தார்கள். 1997ல் திருத்தச் சட்டம் நிறைவேறி, 2003ல் உரிமை விதிகள் நடைமுறைக்கு வந்தன. 2004ல் கிளிக்ஸ் கடைக்குள் முதல் பார்மசி கவுண்டர் திறந்தது. இன்று அவர்களுக்கு 700க்கும் மேற்பட்ட பார்மசிகள். இன்னொரு பெரிய செயினான டிஸ்கெம் 1978ல் ஜோகன்னஸ்பர்க்கில் ஒரு மருந்தாளுநர் தம்பதி நடத்திய ஒரே கடையாகத் தொடங்கியது, 2016ல் பங்குச் சந்தைக்குப் போய்விட்டது. இதைக் குறிப்பாகச் சொல்வதற்குக் காரணம், "மருந்தாளுநர் முதலாளியாக இருந்தால் பேராசை வராது" என்று உங்கள் வாசகர் ஒருவர் அடித்துச் சொன்னதுதான். அவர் சொல்வது போலெல்லாம் இல்லை.

ஏன் திறந்தார்கள்? கம்பெனிகள் காசு கொடுத்து வாங்கிவிட்டன என்று சுலபமாகச் சொல்லிவிடலாம், ஆனால் அன்றைய காரணம் நியாயமானது. இனஒதுக்கல் காலத்தில் மருந்துக்கடைகள் நகர மையங்களிலும் வெள்ளையர் பகுதிகளிலும் குவிந்து கிடந்தன, கறுப்பின மக்களின் டவுன்ஷிப்களிலும் கிராமங்களிலும் கடையே கிடையாது. முதலாளியாக யாரும் வரலாம் என்று விட்டால் முதலீடு அங்கெல்லாம் போகும் என்று புதிய அரசு நினைத்தது. முதலீடு வந்தது, மால்களுக்கு வந்தது. மலைமேல் இருக்கிற ஜூலு கிராமத்துக்காரர் மாத்திரைக்கு இன்றும் டாக்ஸி பிடித்துத்தான் வருகிறார்.

நம்மவர்கள் கதை இதில் கொஞ்சம் வேறு. 1860ல் கரும்புத் தோட்டத்துக்கு வந்தவர்களின் பேரப்பிள்ளைகள் படிக்க நினைத்தபோது பெரும்பாலான கல்லூரிகள் கதவைச் சாத்தின. 1961ல் டர்பன் துறைமுகத்தில் உள்ள சாலிஸ்பரி தீவில் இந்தியர்களுக்கென்று ஒரு கல்லூரி வைத்தார்கள், அதுதான் பின்னால் டர்பன்-வெஸ்ட்வில் பல்கலைக்கழகமானது. அங்கே பார்மசி படித்து வந்தவர்கள்தான் டர்பனில் நம் ஆட்கள் வாழும் சாட்ஸ்வர்த்திலும் ஃபீனிக்ஸிலும் கெமிஸ்ட் கடை போட்டார்கள். தகுதி இருந்தும் வேலைக்கு எடுக்க ஆளில்லாத காலத்தில் சொந்தமாக ஒரு கடை என்பது கௌரவம், சாப்பாடு, பிள்ளைகளின் படிப்பு எல்லாமே. அதனால்தான் 2003ல் சட்டம் மாறியபோது நம் கெமிஸ்ட்டுகளுக்கு வயிறு எரிந்தது. கிரே ஸ்ட்ரீட் பக்கம் (இப்போது டாக்டர் யூசுப் தாதூ தெரு) வயதானவர்களிடம் பேச்சுக் கொடுத்தால் இன்றைக்கும் அந்தக் கோபம் தெரியும்.

சரி, விலைக்கு வருகிறேன். தள்ளுபடி, தள்ளுபடி என்று உங்கள் பக்கத்தில் எல்லோரும் எழுதுகிறார்கள், ஆனால் அந்தத் தள்ளுபடி எங்கிருந்து வருகிறது என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை. இந்தியாவில் விலைக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் உள்ள மருந்துகளுக்குச் சில்லறைக் கடைக்காரரின் லாபமாக 2013ஆம் ஆண்டு ஆணை வைத்திருப்பது 16 சதவீதம். அதில் வாடகை, கரன்ட், சம்பளம் எல்லாம் போக வேண்டும். அப்படியிருக்க ஒரு செயின் 20 சதவீதம் கழித்துக் கொடுக்கிறது என்றால் அவர்களுக்கு வேறு எங்கேயோ ஊற்று இருக்கிறது: பட்டியலில் இல்லாத மருந்துகள், சொந்த லேபிள் சரக்கு, மொத்தமாக எடுப்பதற்கு உற்பத்தியாளர் தரும் சலுகை, இல்லையென்றால் நஷ்டத்தில் ஓட்ட முதலீட்டாளர் பணம். சின்னக் கடைக்காரருக்கு இதில் எதுவும் கிடைக்காது.

தென்னாப்பிரிக்கா செய்ததில் எனக்கு மனசாரப் பிடித்தது இந்த இடத்தில்தான். 2004ல் ஒற்றை வெளியேறு விலை என்று ஒரு முறை கொண்டுவந்தார்கள். உற்பத்தியாளர் ஒரு மருந்துக்கு ஒரு விலைதான் சொல்ல முடியும். ஆயிரம் பெட்டி எடுக்கிற செயினுக்கும் சரி, அரைப் பெட்டி எடுக்கிற சாட்ஸ்வர்த் கடைக்கும் சரி, அதே விலை. பத்து வாங்கினால் இரண்டு இலவசம் என்ற போனஸ் வியாபாரம், ரிபேட் எல்லாம் சட்டவிரோதம். அதன் மேல் மருந்தாளுநர் தன் வேலைக்கு ஒரு கட்டணம் போட்டுக்கொள்ளலாம், அதற்கும் உச்சவரம்பு உண்டு. அதாவது மருந்தை விற்பது வேறு, மருந்தாளுநரின் மூளைக்குக் கூலி கொடுப்பது வேறு என்று பிரித்தார்கள். எவ்வளவு நல்ல யோசனை பாருங்கள். பில்லிலேயே அந்தக் கட்டணம் தனியாகத் தெரியும்.

முதலில் அந்தக் கட்டணத்தைத்தான் கஞ்சத்தனமாக வைத்தார்கள். மருந்து விலையில் 26 சதவீதம், ஆனால் எவ்வளவு விலை உயர்ந்த மருந்தானாலும் 26 ராண்டுக்கு (ராண்ட் என்பது இங்கத்துப் பணம்) மேல் கூடாது. ஆயிரக்கணக்கான ராண்ட் பெறுமான புற்றுநோய் மருந்தை வாங்கி ஃப்ரிட்ஜில் வைத்துக் காத்து எடுத்துக் கொடுப்பதற்கும் 26 ராண்ட்தான். அப்போது ஒரு வேடிக்கை நடந்தது. எலியும் பூனையுமாக இருந்த செயினும் மருந்தாளுநர் சங்கமும் அரசுக்கு எதிராக ஒரே பக்கம் நின்று வழக்குப் போட்டார்கள். வழக்கு அரசியலமைப்பு நீதிமன்றம் வரை போய், 2005 செப்டம்பர் 30ல் தீர்ப்பு வந்தது. விலையைக் கட்டுப்படுத்த அரசுக்கு அதிகாரம் உண்டு, ஆனால் இந்தக் கட்டணம் பொருத்தமானதல்ல, திரும்பப் போய்க் கணக்குப் பாருங்கள் என்றார்கள். பிறகு விலைக்கேற்ப படிப்படியாகக் கட்டணம் வைத்தார்கள்.

செயின்கள் இதையும் சமாளித்துவிட்டன. அந்தக் கட்டணம் உச்சவரம்புதானே, குறைத்து வாங்கத் தடை இல்லையே. பார்மசி கவுண்டரைக் கடையின் கடைசியில் கொண்டுபோய் வைப்பார்கள். இன்சுலின் வாங்கப் போனவர் டயப்பர், பற்பசை, விட்டமின், வாசனைத் திரவியம் எல்லாவற்றையும் தாண்டித்தான் போக வேண்டும், தாண்டித்தான் வர வேண்டும். அந்த ஷெல்ஃப்களுக்கு விலைக் கட்டுப்பாடு கிடையாது. லாபம் அங்கே, மருந்துக் கட்டணத்தை இங்கே குறைத்துக்கொள்ளலாம். 2020 மார்ச்சில் கொரோனா வந்த நேரத்தில் முகக்கவச விலையை அநியாயமாக ஏற்றியதற்காக டிஸ்கெம்முக்கு வணிகப் போட்டித் தீர்ப்பாயம் 12 லட்சம் ராண்ட் அபராதம் போட்டது. முகக்கவசத்துக்கு ஒற்றை விலை முறை இல்லை, அதனால் ஏற்ற முடிந்தது. கட்டுப்பாடு எங்கே முடிகிறதோ அங்கே இவர்கள் கைவரிசை தொடங்கும், அதுதான் வியாபாரம், அதற்காக நான் ஆச்சரியப்படவில்லை.

செயினைத் திட்டியே எழுதுகிறேன் என்று நினைக்க வேண்டாம். எங்கள் தெருவில் இருக்கும் கெமிஸ்ட் சனிக்கிழமை மதியத்தோடு ஷட்டரை இறக்கிவிடுவார். ஞாயிறு ராத்திரி குழந்தைக்குக் காய்ச்சல் என்றால் மால்தான் கதி. மாலில் வெளிச்சம் இருக்கிறது, பார்க்கிங் இருக்கிறது, பெண்கள் தனியாகப் போய் வரலாம், டர்பனில் அது சின்ன விஷயம் இல்லை. அங்கேயும் ஒவ்வொரு பார்மசிக்கும் ஒரு பொறுப்பு மருந்தாளுநர் இருந்தே ஆக வேண்டும், அவர் பெயரை வாசலில் எழுதி வைக்க வேண்டும். கவுண்டருக்குப் பின்னால் நிற்பவர் மால்காரர் என்பதால் முட்டாள் ஆகிவிடமாட்டார். நான் பார்த்தவரையில் பல பேர் நன்றாகப் படித்த, அக்கறையான பிள்ளைகள். அவர்களுக்கு இல்லாதது நேரம். வரிசை வாசல் வரை நிற்கும்போது யாரிடம் என்ன விசாரிக்க முடியும்?

என் மாமியார் விஷயத்தைச் சொல்கிறேன், அப்போது நான் சொல்ல வருவது புரியும். அவர்களுக்குச் சர்க்கரையும் பிரஷரும் ரொம்ப நாளாக. மாமனாரின் பென்ஷன் வழியாக மெடிக்கல் எய்ட், அதாவது இங்கத்து மருத்துவக் காப்பீடு, உண்டு, ஆனால் அதில் டாக்டரைப் பார்க்க ஒதுக்கிய பணம் வருடம் பாதியிலேயே தீர்ந்துவிடும், மிச்ச மாதங்களுக்கு அரசு மருத்துவமனை. ஒரு தடவை இரண்டு காலும் கணுக்கால் பக்கம் வீங்கிப்போய், செருப்புக்குள் கால் நுழையவில்லை. சிறுநீரகம் போய்விட்டதோ என்று எங்களுக்குப் பயம். தெருக் கெமிஸ்ட்டிடம் வேறு எதற்கோ போனபோது அவர் கவுண்டருக்கு மேலாக எட்டிக் காலைப் பார்த்தார். "ஆயா, வீட்டில் இருக்கிற மாத்திரை எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு எடுத்துட்டு வாங்க" என்றார். "எல்லாம்தான் நீ கொடுத்தது, தம்பி" என்றார்கள் இவர்கள். எடுத்துக்கொண்டு போய்க் கொட்டினோம். அட்டைகளைப் புரட்டிப் புரட்டிப் பார்த்து இரண்டை எடுத்துத் தனியாக வைத்தார். ஒன்று தனியார் டாக்டர் எழுதியது, மற்றது அரசு மருத்துவமனையில் கொடுத்தது. நிறம் வேறு, பெயர் வேறு, கம்பெனி வேறு, உள்ளே இருப்பது அதே அம்லோடிபின். பிரஷர் மாத்திரையை இரட்டிப்பாக விழுங்கிக்கொண்டிருந்தார்கள், அந்த மாத்திரைக்குக் கால் வீக்கம் தெரிந்த பக்கவிளைவு. அவரே டாக்டருக்குப் போன் போட்டுப் பேசி ஒன்றை நிறுத்தினார். கட்டணம்? அன்றைக்கு நாங்கள் வாங்கியது இருமல் இனிப்பு ஒரு பாக்கெட்.

இந்த வேலைக்கு விலைப்பட்டியலில் இடமே இல்லை, அதுதான் சிக்கல்.

கொஞ்ச காலம் கழித்து மெடிக்கல் எய்டிலிருந்து ஒரு கடிதம். அடுத்த மாதம் முதல் நாள்பட்ட நோய் மருந்துகளை எங்கள் பட்டியலில் உள்ள பார்மசியிலோ கூரியர் வழியாகவோதான் வாங்க வேண்டும், வேறு கடையில் வாங்கினால் ஒரு பங்கைக் கையிலிருந்து கட்டுங்கள் என்று. எங்கள் தெருக் கடை அந்தப் பட்டியலில் இல்லை. கெமிஸ்ட்டிடம் கேட்டேன். அதே விலைக்கு, அதே கட்டணத்துக்குத் தரத் தயார் என்று எழுதிக் கொடுத்தும் சேர்க்கவில்லை என்றார். மெடிக்கல் எய்ட் அலுவலகத்துக்குப் போன் செய்தேன், பாட்டுப் போட்டுக் காத்திருக்க வைத்துவிட்டு "அது திட்டத்தின் விதி மேடம்" என்றார் ஒரு பிள்ளை. அவ்வளவுதான்.

இதில் சட்டம் எங்கேயும் மீறப்படவில்லை என்பதைக் கவனியுங்கள். நீரிழிவு, ரத்த அழுத்தம், ஆஸ்துமா மாதிரி நோய்களுக்கு மெடிக்கல் எய்ட் செலவை ஏற்றே ஆக வேண்டும் என்று சட்டம் சொல்கிறது, நல்ல சட்டம். செலவைக் கட்டுப்படுத்த, ஒப்பந்தக்காரர் யார் என்று குறிப்பிட்டுக்கொள்ள அதே விதிகளே அனுமதிக்கின்றன. பல ஊர்களில் கிளை உள்ளவருக்கு ஒப்பந்தம் போடுவது அவர்களுக்குச் சுலபம், ஒரு கையெழுத்தில் முடிந்துவிடும். ஒற்றைக் கடைக்காரர் நூறு பேரிடம் நூறு கையெழுத்து வாங்க யாருக்குப் பொறுமை? ஆக, தெருமுனைக் கடையை முடக்கியது பக்கத்தில் திறந்த மால் கடை அல்ல. மால் கடை வந்த பிறகும் அவர் பல வருடம் நன்றாகத்தான் ஓட்டினார். மாதா மாதம் தவறாமல் வருகிற சர்க்கரை, பிரஷர் நோயாளிகளை ஒரு கடிதத்தில் திருப்பி விட்டதுதான் அவரை முடக்கியது. மருந்துக்கடையின் நிலையான வரும்படியே அந்த ரிப்பீட் சீட்டுகள்தான், சளிக் காய்ச்சல் வியாபாரத்தை நம்பி யாரும் கடை நடத்துவதில்லை.

இன்னொரு கூத்து மொத்த வியாபாரத்தில். கிளிக்ஸ் குழுமம் 2003ல் யு.பி.டி. என்ற பெரிய மருந்து மொத்த விநியோக நிறுவனத்தை வாங்கியது. சொந்தக் கடைகளுக்கு மட்டும் இல்லை, தனிக் கடைகளுக்கும் மருத்துவமனைகளுக்கும் சரக்குப் போடுவது அதே நிறுவனம். டிஸ்கெம்முக்கும் சொந்த மொத்த விநியோகம் உண்டு. அதாவது தெருமுனைக் கெமிஸ்ட் தன் போட்டியாளரின் கிடங்கிலிருந்து மருந்து எடுத்து, அந்தப் போட்டியாளரின் கடைக்கு எதிரே விற்கிறார். எந்தத் தெருவில் எந்த மருந்து எவ்வளவு போகிறது என்று யாருக்குத் தெரியும், யாருக்குத் தெரியாது என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள். அவர்கள் அந்தத் தகவலை எடுத்துப் பயன்படுத்துகிறார்கள் என்று நான் குற்றம் சாட்டவில்லை, அப்படி ஓர் ஏற்பாட்டைச் சட்டம் சும்மா விட்டிருக்கிறது என்பதுதான் என் புகார்.

இத்தனைக்கும் அதே சட்டம் இன்னொரு கதவை மூடியே வைத்தது. 2003 விதிகளின்படி மருந்து எழுதிக் கொடுக்கும் அதிகாரம் உள்ளவர், அதாவது டாக்டர், பொதுமக்களுக்கான பார்மசிக்கு முதலாளியாக முடியாது. மருந்து தயாரிப்பில் நேரடியாகவோ மறைமுகமாகவோ பங்கு உள்ளவரும் முடியாது. எழுதுகிறவனும் செய்கிறவனும் விற்கிறவனும் ஒரே ஆளாக இருந்தால் நோயாளி பிழைப்பது எப்படி என்ற சாதாரண அறிவு. கிளிக்ஸ் குழுமத்துக்கு யூனிகார்ன் என்று, உற்பத்தி உரிமம் வைத்திருந்த ஒரு நிறுவனமும் இருந்தது. தாய் நிறுவனம் ஒன்று, கீழே தனித்தனிக் கம்பெனிகள், ஆகவே விதி மீறல் இல்லை என்பது அவர்கள் வாதம். தனிக் கடைக்காரர்களின் சங்கமான ஐ.சி.பி.ஏ. விடவில்லை. சுகாதாரத் துறைக்கு மனு, பிறகு கோர்ட்டு கோர்ட்டாக வருடக்கணக்கில் அலைச்சல், கடைசியில் 2023ல் அரசியலமைப்பு நீதிமன்றம் சங்கத்தின் பக்கம் நின்றது. தாய்க் கம்பெனி வழியாகச் சுற்றி வந்தாலும் பங்கு பங்குதான். அந்தச் செய்தி வந்த அன்று எங்கள் கெமிஸ்ட் வருகிறவர்களுக்கெல்லாம் லட்டு கொடுத்தார். ஆனால் மொத்த விநியோகம் அந்த விதியில் இல்லை, மெடிக்கல் எய்ட் ஒப்பந்தமும் இல்லை. ஒரு ஜன்னலை இறுக்கிச் சாத்திவிட்டு இரண்டு கதவைத் திறந்து போட்டிருக்கிறார்கள்.

வேறு நாடுகளைச் சொல்லிப் பயமுறுத்துகிறார்கள் என்று ஒருவர் எழுதியிருந்ததால் இரண்டு வரி. இங்கிருந்து விமானம் பிடித்தால் வந்துவிடும் ரீயூனியன் தீவில் பிரெஞ்சுச் சட்டம். அங்கே வாழும் நம் ஆட்களும் அந்தச் சட்டத்துக்குள்தான். பார்மசி மருந்தாளுநர் கையில்தான் இருக்க வேண்டும், 2500 பேர் உள்ள ஊருக்கு ஒரு கடை, அதற்கு மேல் ஒவ்வொரு 4500 பேருக்கும் இன்னொன்று. பச்சைச் சிலுவை போட்ட கடை சின்ன ஊரிலும் இருக்கும், அதே தெருவில் போட்டிக்கு இன்னொன்று இருக்காது. மக்கள் தொகைக் கணக்கில் கடையைப் பங்கிட்ட அந்த ஒரு விதியைத்தான் தென்னாப்பிரிக்கா எடுத்திருக்க வேண்டும் என்பது என் எண்ணம். ஹங்கேரி 2006ல் எல்லோருக்கும் திறந்து பார்த்துவிட்டு 2010ல் மறுபடி மருந்தாளுநர் கைக்கே பெரும்பங்கு போக வேண்டும் என்று திருப்பியது. திருப்ப முடியாதது ஒன்றுமில்லை.

2021 ஜூலையில் இங்கே நடந்த கலவரத்தை நீங்கள் செய்தியில் பார்த்திருப்பீர்கள். மால்களை உடைத்து அள்ளிக்கொண்டு போனார்கள், மருந்துக் கடைகளும் கிடங்குகளும் தப்பவில்லை, தனிக் கடைகள் பலவும் சேர்ந்துதான் போயின. எங்கள் தெருக் கடைக்கு முன்னால் அக்கம்பக்கத்து ஆண்கள் ராத்திரியெல்லாம் கம்போடு நின்றார்கள். அவர் பின்வாசலைத் திறந்து வைத்து, ஃப்ரிட்ஜில் இருந்த இன்சுலினை யாருக்கு எவ்வளவு அவசரம் என்று மனதிலேயே கணக்குப் போட்டுப் பங்கிட்டார். யாருடைய மெடிக்கல் எய்ட் எந்தப் பட்டியலில் இருக்கிறது என்று அந்த வாரம் யாரும் கேட்கவில்லை. அடுத்த மாதம் மெடிக்கல் எய்ட் பழையபடியே அபராதப் பங்கைப் பிடித்தது.

இப்போது இங்கே தேசிய சுகாதாரக் காப்பீட்டுச் சட்டம் 2024 மே மாதம் கையெழுத்தாகிவிட்டது, நடைமுறைக்கு வர இன்னும் எவ்வளவு காலமோ. வந்தால் அரசே எல்லோருக்கும் சேவையை வாங்கும், அப்போது அரசு யாருடன் ஒப்பந்தம் போடுகிறதோ அவர்தான் கடை. அதனால் எங்கள் தமிழ்ச் சங்கக் கூட்டத்தில்கூட நான் சொல்வது ஒன்றே ஒன்று: விலைக்கும் தரத்துக்கும் ஒத்துக்கொள்கிற எந்த பார்மசியையும் சேர்த்தே ஆக வேண்டும் என்று ஒரு வரி எழுதி வாங்குங்கள், முதலாளி யார் என்பதைப் பிறகு பேசலாம்.

தமிழ்நாட்டுக்கும் இதையேதான் சொல்வேன். சென்னையில் தொடங்கிய நெட்மெட்ஸை 2020ல் ரிலையன்ஸ் வாங்கியது, அடுத்த வருடம் டாடா ஒன் எம்.ஜி.யை வாங்கியது. பெட்ரோல் முதல் பலசரக்கு வரை விற்கிறவர்கள், இன்சூரன்ஸும் விற்கிறவர்கள், போன் வழியாக மாத்திரையும் விற்கிறார்கள். ஆன்லைன் மருந்து விற்பனைக்கு விதி வகுக்கும்வரை நிறுத்துங்கள் என்று 2018ல் சென்னை உயர் நீதிமன்றத் தனி நீதிபதி சொன்னதும், டிவிஷன் பெஞ்ச் அதற்குத் தடை கொடுத்ததும் உங்கள் பத்திரிகையிலேயே வந்ததுதான். உங்கள் பகுதியில் தெருமுனைக் கடையா, ஏ.சி. கடையா என்று மட்டும் பேசிக்கொண்டிருக்கிறீர்கள். நாளைக்கு உங்கள் இன்சூரன்ஸ் அட்டையின் பின்பக்கத்தில் "இந்த ஆப்பில் வாங்கினால் மட்டுமே" என்று பொடி எழுத்தில் ஒரு வரி வரும்போது தெருமுனைக் கடைக்காரருக்கும் ஒன்றும் செய்ய முடியாது, ஏ.சி. கடைக்காரருக்கும் ஒன்றும் செய்ய முடியாது. இன்சூரன்ஸ் வைத்திருப்பவர்கள் முதலில் அந்தப் பொடி எழுத்தைப் படியுங்கள்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். இத்தனை வாரம் நடந்த விவாதத்தில் கடைக்காரர் பேசினார், நோயாளி பேசினார், ஓய்வு பெற்ற மருந்து ஆய்வாளர் ஒருவரும் பேசினார். பி.பார்ம் படிக்கிற பிள்ளை ஒன்றுகூடப் பேசவில்லை. இங்கே எங்கள் தெருக் கெமிஸ்ட்டுக்கு அறுபது தாண்டிவிட்டது, கடையை எடுத்து நடத்த ஆள் தேடுகிறார். அவரிடமே பயிற்சி எடுத்த பெண் செயினில் சேர்ந்துவிட்டாள். மாதச் சம்பளம், லீவு, கடன் தலைவலி இல்லை, அவள் செய்ததில் தப்பே இல்லை. கடை போட வேண்டுமென்றால் சரக்கு, குளிர்பதனம், வாடகை முன்பணம் என்று வங்கியில்தான் போய் நிற்க வேண்டும், அந்த வயதில் யாருக்கு வங்கி கொடுக்கும்? தமிழ்நாட்டில் 2025 பிப்ரவரியில் முதல்வர் மருந்தகம் 1000 இடங்களில் திறந்தபோது பார்மசி படித்தவர்கள் தொழில்முனைவோராக வர 3 லட்சம் ரூபாய் மானியம் என்று படித்தேன். அந்தக் கடைகளை எடுத்தவர்கள் எப்படி ஓட்டுகிறார்கள், மாதம் என்ன மிஞ்சுகிறது, தங்கள் பெயரில் கடை வைத்திருப்பது அவர்களுக்கு வேண்டுமா அல்லது செயினில் சம்பளமே மேலா என்று உங்கள் நிருபரை அனுப்பி நாலு பேரிடம் கேட்டுப் போடுங்கள். மருந்தாளுநருக்குத்தான் கடை என்று சட்டம் போட்டுவிட்டு, கடை வைக்க மருந்தாளுநர் யாரும் முன்வரவில்லை என்றால் அந்தச் சட்டத்தை வைத்து என்ன செய்வது?

இப்படிக்கு,
ஒரு வாசகி,
சாட்ஸ்வர்த், டர்பன்